தொப்பியைப் பார்த்து நாற்காலி போடாதீர்கள்

தமிழ்நாடு கிரிக்கெட் அணி கண்ட ஆகச் சிறந்த பத்துப் பேர் யார் என்று திருவேங்கடம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். டீ ஆறுவதற்குள் பட்டியல் வந்துவிடும். அஸ்வின், ஸ்ரீகாந்த், தினேஷ் கார்த்திக், முரளி விஜய், பாலாஜி, நடராஜன், வாஷிங்டன் சுந்தர். கடை பெஞ்சில் வயதானவர் யாராவது இருந்தால் வெங்கட்ராகவன் பெயரும் எல்.சிவராமகிருஷ்ணன் பெயரும் சேரும். யாராவது ஒரு பையன் தோனியையும் சேர்த்துவிடுவான். அவனுக்குச் சென்னை சூப்பர் கிங்ஸும் தமிழ்நாடும் ஒன்றுதான்.

டீக்கடையை விடுங்கள். பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அவ்வப்போது வெளியிடுகிற பட்டியல்களும் இதே அச்சில்தான் வார்க்கப்படுகின்றன. அவற்றுக்கெல்லாம் அளவுகோல் ஒன்றுதான்: இந்தியாவுக்கு எத்தனை ஆட்டம் ஆடினார்? நூறு டெஸ்ட் ஆடியவர் மேலே, பத்து ஆடியவர் நடுவே, ஒன்றும் ஆடாதவர் பட்டியலுக்கு வெளியே. இந்தியத் தொப்பியைப் பார்த்து நாற்காலி போடுகிற இந்த வழக்கம் தவறானது என்பதே என் வாதம். தமிழ்நாடு அணியின் சிறந்த வீரர்களைத் தமிழ்நாடு அணிக்காக அவர்கள் செய்ததைக் கொண்டுதான் வரிசைப்படுத்த வேண்டும். இவ்வளவு வெளிப்படையான விஷயத்துக்கு ஒரு கட்டுரை தேவைப்படுவதே வருத்தம்தான்.

முதலில் எங்கள் பக்கத்து நடப்பைச் சொல்கிறேன். பொங்கலுக்குக் கரிசல் காட்டு ஊர்களில் டென்னிஸ் பந்துப் போட்டி நடக்கும். பருத்தி எடுத்து முடிந்த நிலத்தையோ கண்மாய்க் கரையையோ சமன்படுத்தி, சுண்ணாம்பில் கோடு போட்டு, மைக்செட் கட்டிவிடுவார்கள். ஊர் அணியில் ஒருவன் நன்றாக ஆடிச் சென்னைக்குப் போய் லீக் ஆட்டங்களில் பெயர் வாங்கியிருப்பான். இன்னொருவன் ஊரிலேயே தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போய்க்கொண்டு, வருஷா வருஷம் வந்து ஆடி, மூன்று இறுதியாட்டங்களில் கடைசி ஓவரைப் போட்டுக் கோப்பை வாங்கித் தந்திருப்பான். ‘நம்ம ஊர் டீம்ல பெரிய ஆட்டக்காரன் யாருடே?’ என்று கேட்டால் ஊர் யாரைச் சொல்லும்? சென்னைக்குப் போனவனை நினைத்துப் பெருமைப்படும். ஆனால் ஊர் டீமின் ஆள் என்று சொல்லும்போது இரண்டாமவன் பெயர்தான் வாயில் வரும். கிராமத்துக்குப் புரிகிற இந்தக் கணக்கு, மாநில அணி என்று வந்ததும் நமக்கு மறந்துபோகிறது.

இப்படிச் சொன்னால் சில எதிர்வாதங்கள் உடனே வரும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது: ‘இந்தியாவுக்கே ஆடாதவன் எப்படிண்ணே பெரிய ஆட்டக்காரன் ஆவான்? நல்லா ஆடியிருந்தா எடுத்திருக்க மாட்டாங்களா?’

எடுத்திருக்க மாட்டார்கள். அதற்குச் சரித்திரமே சாட்சி. 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்தது. நம் அணியின் அன்றைய வடிவமான சென்னை மாகாண அணியும் மைசூரும் மோதின. முதல் பந்தை வீசியவர் சென்னையின் எம்.ஜே.கோபாலன். மைசூர் 48க்குச் சுருண்டது. சென்னை 130 எடுத்தது. மைசூர் மறுபடி இறங்கி 59க்கு ஆட்டமிழந்தது. இன்னிங்ஸ் வெற்றி, ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஏ.ஜி.ராம்சிங் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 35 ரன் கொடுத்து 11 விக்கெட் எடுத்தார். பந்துவீச்சு மட்டுமல்ல, மட்டையும் பிடிக்கத் தெரிந்தவர். அந்தக் காலத்துச் சென்னை அணிக்கு அவர் முதுகெலும்பு.

அவர் எத்தனை டெஸ்ட் ஆடினார்? ஒன்றுகூட இல்லை. காரணத்தைத் தேட வேண்டியதில்லை. 1932இல் லார்ட்ஸில் முதல் டெஸ்ட் ஆடிய இந்தியா, 1936 ஆகஸ்ட் வரை ஆடிய டெஸ்ட்கள் மொத்தமே ஏழு. அதற்குப் பிறகு 1946 ஜூன் வரை, பத்து ஆண்டுகளுக்கு, ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. ஒரு ஆட்டக்காரனின் நல்ல வயதெல்லாம் அந்த இடைவெளியில் விழுந்துவிட்டால் அவன் என்ன செய்வான்? இன்றைக்கு ஓர் ஆண்டில் எட்டுப் பத்து டெஸ்ட் ஆடுகிற காலத்து அளவுகோலைக் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டி, ‘தொப்பி எங்கே?’ என்று கேட்பது எந்த நியாயம்?

அதற்குப் பிந்திய காலத்துக்கு வருவோம். லெக் ஸ்பின்னர் வி.வி.குமார் 1961 பிப்ரவரியில் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராகத் தன் முதல் டெஸ்ட் ஆடினார். முதல் இன்னிங்ஸிலேயே 64 ரன்னுக்கு 5 விக்கெட். அதே ஆண்டில் இன்னொரு டெஸ்ட் ஆடினார். அத்தோடு கதை முடிந்தது. முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 599. அதில் ரஞ்சியில் மட்டும் 400-க்கு மேல். இரண்டு டெஸ்ட் ஆடியவர் என்பதால் அவர் சிறிய ஆட்டக்காரரா? அவர் முதிர்ந்த காலத்தில் இந்தியச் சுழற்பந்தில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன். அந்த நால்வரிலேயே ஒருவர் அடிக்கடி வெளியே உட்கார வேண்டியிருந்தது. மற்ற மாநிலங்களிலும் இதே கதைதான். ரஞ்சி வரலாற்றில் அதிக விக்கெட் எடுத்த ஹரியானாவின் ராஜிந்தர் கோயல் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. பம்பாயின் பத்மாகர் ஷிவல்கரும் ஆடவில்லை. அதனால் கோயல் ஹரியானா அணியின் மிகப் பெரிய வீரர்களில் ஒருவர் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

மட்டையாளர்களிலும் அப்படித்தான். எஸ்.ஷரத் முதல்தர ஆட்டங்களில் எடுத்தது 8700 ரன். அவர் உச்சத்தில் இருந்தபோது இந்திய நடுவரிசையில் டெண்டுல்கர், திராவிட், கங்குலி, லட்சுமணன். அந்த வாசலில் யார் நுழைய முடியும்? அவருக்குப் பின் வந்த எஸ்.பத்ரிநாத் முதல்தர ஆட்டங்களில் 54 சராசரியில் 10,245 ரன் எடுத்தவர். 2010இல் நாக்பூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடி 56 எடுத்தார். அவர் ஆடிய மொத்த டெஸ்ட் இரண்டே. தேர்வுக்குழு பார்ப்பது தேசிய அணியில் எந்த இடம் காலி என்பதை. அந்தக் காலியிடக் கணக்கு, ஒரு மாநில அணியின் சரித்திரத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

இரண்டாவது எதிர்வாதம் கொஞ்சம் வலுவானது: ‘சர்வதேச ஆட்டம்தான் கடினம். உள்ளூர் ஆட்டத்தில் தரம் குறைவு. அங்கே எடுத்த விக்கெட்டுக்கு என்ன மதிப்பு?’

சர்வதேச ஆட்டம் கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அஸ்வினின் 106 டெஸ்ட், 537 விக்கெட் என்பது கும்ப்ளேக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய எண்ணிக்கை. தமிழ் மண் இந்தியாவுக்குத் தந்த கிரிக்கெட் வீரர்களை வரிசைப்படுத்தச் சொன்னால் நானும் அவரை முதலில் எழுதுவேன். கேள்வி அதுவல்லவே. தமிழ்நாடு அணிக்காக அவர் ஆடிய ரஞ்சி ஆட்டங்கள், அவர் ஆடிய டெஸ்ட்களில் பாதியைக்கூட எட்டவில்லை. அது அவர் குற்றமில்லை. இந்தியா அவரை விடவில்லை. ஆனால் மெல்பர்னிலும் கான்பூரிலும் எடுத்த விக்கெட்டுகளைத் தமிழ்நாட்டின் கணக்கில் வரவு வைக்க முடியாது. அது இந்தியாவின் வரவு.

உள்ளூர் ஆட்டம் தரம் குறைந்தது என்பதையும் சும்மா விட முடியாது. 1960களில் தென்மண்டலத்தில் ஆடுவது என்றால் என்ன என்று யோசியுங்கள். மைசூரோடு ஆடினால் எதிரே பிரசன்னா, சந்திரசேகர், பிறகு விஸ்வநாத். ஹைதராபாதோடு ஆடினால் ஜெய்சிம்ஹா, பட்டோடி, அபித் அலி. இவர்களைத் தாண்டி மண்டலத்தை விட்டு வெளியே போனால் பம்பாய் நிற்கும். அந்த பம்பாய் 1958-59 முதல் 1972-73 வரை தொடர்ந்து பதினைந்து முறை கோப்பை வென்ற அணி. இன்றைக்குச் சில நாடுகளின் தேசிய அணிகளுக்கே இல்லாத பலம் அது. இந்தச் சூழலில் எடுத்த விக்கெட்டுக்கு மதிப்பில்லை என்று சொல்பவர், அந்த விக்கெட் யாருடையது என்று பார்க்காதவர்.

மூன்றாவது: ‘எண்ணிக்கையை வைத்துப் பார்த்துவிட்டால் சண்டையே இல்லையே!’

எண்ணிக்கையை வைத்துப் பார்க்கலாம், வைத்தே முடிவு செய்ய முடியாது. 2022 நவம்பரில் விஜய் ஹசாரே போட்டியில் ஜெகதீசன் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 277 அடித்தார். அன்றைக்கு அது ஒருநாள் ஆட்டங்களில் உலகச் சாதனை. தமிழ்நாடு 2 விக்கெட்டுக்கு 506. தொடர்ந்து ஐந்தாவது சதம் என்பதால் அவர் உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன், 2021 நவம்பர் 22 அன்று டெல்லியில் நடந்த சையத் முஷ்தாக் அலி இறுதியாட்டத்தை நினைத்துப் பாருங்கள். எதிரே கர்நாடகம். கடைசிப் பந்தில் ஐந்து ரன் வேண்டும். நம் அணியின் ஷாருக் கான் அதை சிக்ஸருக்கு அனுப்பினார். அவர் எடுத்தது 15 பந்தில் 33. கோப்பை வீட்டுக்கு வந்தது. 277 பெரிதா, 33 பெரிதா என்று கேட்டால் எண் ஒரு பதில் சொல்லும், ஆட்டம் வேறொரு பதில் சொல்லும்.

இன்னொன்றும் இருக்கிறது. எண்கள் எல்லாக் காலத்திலும் ஒரே விலைக்கு விற்பதில்லை. 1957-58க்கு முன் ரஞ்சி முழுக்க நாக் அவுட். ஓர் ஆட்டத்தில் தோற்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பிறகு மண்டல லீக் வந்தது, ஆட்டங்கள் கூடின. பின்னாளில் பிரிவு முறை வந்தது; இன்னும் கூடின. 1950இல் ஆடியவரையும் 2010இல் ஆடியவரையும் மொத்த ரன்னை மட்டும் வைத்துப் பக்கத்தில் நிறுத்தினால், பழையவர் எப்போதும் குள்ளமாகத்தான் தெரிவார். அவர் குள்ளமில்லை, அவருக்குக் கிடைத்த ஆட்டங்கள்தான் குறைவு.

நான்காவது எதிர்வாதம் இதற்கு நேர் எதிரானது: ‘சரி, எண் வேண்டாம். கோப்பை வாங்கித் தந்தவன்தான் பெரியவன்.’

கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் ரஞ்சியைத் தமிழ்நாடு வென்றது இரண்டே முறை. 1954-55இல் இந்தூரில் ஹோல்கரை 46 ரன்னில் வென்றோம். 1987-88இல் சேப்பாக்கத்தில் ரயில்வேயை இன்னிங்ஸும் 144 ரன்னும் வித்தியாசத்தில் வென்றோம். வி.வி.குமார் ஆட வந்தது முதல் கோப்பைக்குப் பிறகு. அவரும் வெங்கட்ராகவனும் ஓய்வு பெற்றது இரண்டாவது கோப்பைக்கு முன். இந்த அணியின் மிகப் பெரிய பந்துவீச்சாளர்கள் இருவரும் ரஞ்சிக் கோப்பையைத் தொட்டதே இல்லை!

அவர்கள் தொடாததற்கு யார் காரணம் என்பதை ஓர் ஆட்டமே காட்டும். 1972-73 இறுதியாட்டம், சேப்பாக்கம். தொடர்ந்து பதினான்கு முறை வென்றிருந்த பம்பாயைத் தமிழ்நாடு முதல் இன்னிங்ஸில் 151க்கும் இரண்டாவதில் 113க்கும் சுருட்டியது. பி.கல்யாணசுந்தரம் ஹாட்ரிக் எடுத்தார். அப்படிப்பட்ட ஆட்டத்தில் நாம் எடுத்தது 80, பிறகு 61. ஷிவல்கர் ஓர் இன்னிங்ஸில் 16 ரன்னுக்கு 8, இன்னொன்றில் 18க்கு 5. மூன்றாம் நாள் முதல் பந்திலேயே எல்லாம் முடிந்தது. பம்பாயை இரண்டு முறை 160க்குள் அடக்கிய பந்துவீச்சாளர்களைப் பார்த்து, ‘நீ கோப்பை வாங்கித் தரவில்லையே’ என்று கேட்பதற்கு மனசாட்சி இடம் தருமா? கோப்பை பதினொரு பேர் சேர்ந்து தூக்குவது. ஒருவரை அளப்பதற்கு அதையே படியாக்க முடியாது.

ஐந்தாவது: ‘நாம பார்க்காத ஆளுங்களை எப்படி வரிசைப்படுத்துறது?’

ராம்சிங் பந்து போட்டதை இன்று பார்த்தவர் யாருமில்லை. காணொளியும் இல்லை. ஆனால் அதே ஆட்கள் பிராட்மன்தான் உலகின் சிறந்த மட்டையாளர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். அவரைப் பார்த்தா சொல்கிறார்கள்? எண்ணைப் பார்த்து, உடன் ஆடியவர்கள் சொன்னதைக் கேட்டு, எதிரணி யார் என்று விசாரித்துத்தான் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியருக்குக் கொடுக்கிற அந்த நம்பிக்கையை சேப்பாக்கத்தில் ஆடியவருக்கும் கொடுத்தால் என்ன குறைந்துபோகும்?

உண்மையில் பிரச்சினை பார்க்காதது மட்டுமில்லை. நாம் பார்க்க முடிகிற ஆட்டத்தையும் பார்ப்பதில்லை. ரஞ்சி ஆட்டம் வேலை நாளில் நான்கு நாள் நடக்கும். பெரும்பாலும் அனுமதி இலவசம். மைதானத்தில் வீரர்களின் குரல் கேட்குமளவுக்குக் கூட்டம் குறைவாயிருக்கும். ஐ.பி.எல். டிக்கெட்டுக்கு அலைமோதுபவர்கள் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. எங்கள் பக்கத்திலிருந்து கோவில்பட்டி போய்த் திருநெல்வேலி பஸ் ஏறினால் வழியிலேயே சங்கர் நகர் வந்துவிடும். அங்கே இந்தியா சிமெண்ட்ஸ் மைதானத்தில் டி.என்.பி.எல். நடக்கும்போது வேனில் ஆள் ஏற்றிக்கொண்டு போகிறோம். அதே மைதானத்தில் ரஞ்சி ஆட்டமும் நடந்திருக்கிறது. யார் போனார்கள்? மாநில அணியின் கேப்டன் பெயர் தெரியாத ஊர், மாநில அணியின் சிறந்த பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்கிறது. அதனால்தான் தொலைக்காட்சியில் வந்த முகங்கள் மட்டும் பட்டியலில் வந்து உட்காருகின்றன.

நடராஜனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்துப் பையன்கள் என்மேல் கோபப்படப் போவது அவரால்தான். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து, டென்னிஸ் பந்து ஆடி, சென்னை லீக்குக்கு வந்து, பந்துவீச்சு முறை மீது எழுந்த சந்தேகத்தைத் தாண்டி, 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்கு ஆடியவர். சென்னைக்கு வெளியே இருக்கிற ஒவ்வொரு கிராமத்துப் பையனுக்கும் அவர் ஒரு வழியைக் காட்டியிருக்கிறார். அந்த மரியாதை வேறு, வரிசை வேறு. அன்பைக் கொண்டு வரிசை போட்டால் நாளைக்கு ஒவ்வொரு ஊரும் தன் ஊர்க்காரனை முதலிடத்தில் வைக்கும். பிறகு பட்டியல் எதற்கு?

மறுப்பு மட்டும் சொல்லிவிட்டு நழுவுவது அழகில்லை. என் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். என் அளவுகோல் மூன்று: இந்த அணிக்காக எவ்வளவு காலம் உழைத்தார், எதிரணி பலமாக இருந்தபோது என்ன செய்தார், அவர் இல்லாமல் இந்த அணியின் கதையைச் சொல்ல முடியுமா.

முதலிடம் வெங்கட்ராகவனுக்கு. 57 டெஸ்ட், 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்தியத் தலைமை எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் சொல்கிறேன். ரஞ்சியில் 530 விக்கெட். கோயலுக்கு அடுத்த எண்ணிக்கை. இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த அணியைத் தோளில் தூக்கியவர். இந்தியா கூப்பிட்டபோது போனார், இறக்கிவிட்டபோது சேப்பாக்கத்துக்குத் திரும்பி வந்து அதே முனைப்போடு வீசினார். தொப்பியைக் கழற்றி வைத்தாலும் முதலிடத்தில் நிற்பவர் அவர்.

இரண்டாமிடம் வி.வி.குமாருக்கு. தொப்பிக் கணக்கால் அதிகம் இழந்தவர் அவர்தான் என்பதால் கொடுக்கவில்லை. வெங்கட் ஒரு முனையில் இறுக்கியபோது மறுமுனையில் விக்கெட் எடுத்தவர், வெங்கட் இந்தியாவுக்குப் போனபோது இரண்டு முனைகளையும் தாங்கியவர் என்பதால் கொடுக்கிறேன்.

மூன்றாமிடம் ஏ.ஜி.கிருபால் சிங். ராம்சிங்கின் மகன். 1954-55 பருவத்தில் அவர் எடுத்தது 636 ரன், 13 விக்கெட். நான்கு முறை கோப்பை வென்றிருந்த ஹோல்கரை அவர்கள் ஊரிலேயே வென்ற அந்த இறுதியாட்டத்தில் 75, 91. கூடவே 7 விக்கெட். ஒரு கோப்பையை ஓர் ஆள் பெயரில் எழுதலாம் என்றால் அது இதுதான். எழுத மாட்டேன். பாலு அழகண்ணன் என்ற, டெஸ்ட் ஆடாத கேப்டனின் பெயரும் அதில் இருக்கிறது.

நான்காமிடம் டபிள்யூ.வி.ராமன். 1988-89இல் ஒரே ரஞ்சிப் பருவத்தில் 1018 ரன். ரூசி மோடி 1944-45இல் எடுத்த 1008 என்ற சாதனை நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் உடைந்தது. அதில் ஒரு 313 கோவாவுக்கு எதிரானது. அந்த இன்னிங்ஸில் தமிழ்நாடு 6 விக்கெட்டுக்கு 912. கிருபாலின் மகன் அர்ஜன் கிருபால் சிங்கும் 302 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். எதிரணி பலமாக இருந்ததா என்று பார்க்க வேண்டும் என நானே மேலே எழுதியதை எனக்குத் திருப்பிச் சொல்வீர்கள். சரிதான். அந்த 313ஐக் கழித்தாலும் ராமன் நான்காமிடத்தில்தான் இருப்பார். ஒரு பருவம் முழுக்க அந்த உயரத்தில் நிற்பது தனி விஷயம்.

ஐந்தும் ஆறும் ஷரத், பத்ரிநாத். ரன் குறைவாக இருந்தும் ஷரத்தை மேலே வைக்கிறேன். அவருக்கு மேலே போகிற வாசல் அடைத்தே இருந்தது. அது தெரிந்தும் ஒவ்வொரு பருவமும் வந்து நின்றார். நூறு ரஞ்சி ஆட்டம் என்ற எல்லையைத் தொட்ட முதல் தமிழ்நாட்டுக்காரர் அவர். ஏழாமிடம் ஏ.ஜி.ராம்சிங். எட்டாமிடம் எஸ்.வாசுதேவன். இரண்டாவது ரஞ்சிக் கோப்பையைத் தூக்கிய கேப்டன், இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர், ஒரு டெஸ்ட்டும் ஆடாதவர். கோப்பையைப் படியாக்கக் கூடாது என்றேன். கேப்டன் பொறுப்பையும் பந்துவீச்சையும் ஒருசேரச் சுமந்ததற்கே இந்த இடம்.

ஒன்பதாமிடம் தினேஷ் கார்த்திக். இவரை மற்றவர்கள் வேறு காரணத்துக்காகப் பட்டியலில் வைப்பார்கள். நான் வைப்பது, இந்தியா எத்தனை முறை இறக்கிவிட்டாலும் அத்தனை முறையும் தமிழ்நாட்டுக்கு வந்து கையுறை மாட்டியதற்காக. 2006-07இல் மாநிலங்களுக்கிடையிலான முதல் இருபது ஓவர் கோப்பையைக் கேப்டனாக வென்றவர், 2020-21இலும் அதே கோப்பையைக் கேப்டனாக வென்றார். பதினான்கு ஆண்டு இடைவெளி! பத்தாமிடம் எம்.ஜே.கோபாலன். 1936இல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கிக்குப் போகாமல் கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து போனவர். அங்கே ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் ரஞ்சியின் முதல் பந்து அவர் கையிலிருந்துதான் புறப்பட்டது.

‘அஸ்வினும் ஸ்ரீகாந்தும் இல்லாம ஒரு லிஸ்டா அண்ணாச்சி?’ என்று கேட்பீர்கள். ஆமாம், இல்லைதான். 1983 இறுதியாட்டத்தில் ஸ்ரீகாந்த் அடித்த 38தான் இரண்டு அணியிலும் அதிகபட்சம் என்பது எனக்கும் தெரியும். அது லார்ட்ஸில், இந்தியாவுக்காக. ராமன் முதல் கோபாலன் வரை என் வரிசையில் இடம் மாற்றிச் சண்டை போடுங்கள், வரவேற்கிறேன். டெஸ்ட் ஆடாத இடக்கைத் தொடக்க ஆட்டக்காரர் வி.சிவராமகிருஷ்ணனை ஏன் விட்டாய் என்று கேளுங்கள், எனக்குப் பதில் சொல்லச் சிரமமாயிருக்கும். முதல் மூன்று இடங்களை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இதெல்லாம் வெறும் டீக்கடைச் சண்டை, இதற்கு ஏன் இவ்வளவு ஆவேசம் என்று தோன்றலாம். தொப்பியை அளவுகோலாக்கும் பழக்கம் இன்றைய ஆட்டக்காரனையும் பாதிக்கிறது. மாநில அணி என்பது மேலே ஏறுகிற ஏணிப்படி மட்டுமே என்று அவனுக்குச் சொல்லித்தருகிறது. 2023-24 ரஞ்சிப் பருவத்தில் நாட்டிலேயே அதிக விக்கெட் எடுத்தவர் நம் அன்றைய கேப்டன் சாய் கிஷோர், 53 விக்கெட். அணியை அரையிறுதி வரை கொண்டுபோனார். அந்தப் பருவத்தைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்? 1988க்குப் பிறகு 1991-92, 1995-96, 2002-03, 2003-04, 2011-12 என்று ஐந்து இறுதியாட்டங்களில் தோற்றிருக்கிறோம். மூன்றாவது கோப்பை இன்னும் வரவில்லை. மாநில அணிக்காக ஆடுவதே ஒரு வாழ்நாள் பெருமை என்று நாம் மதிக்காத வரைக்கும், அந்தக் கோப்பைக்காக உயிரைக் கொடுத்து ஆடு என்று கேட்க நமக்கு உரிமை கிடையாது.

ஆகவே பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயர்களை எழுதுவதற்கு முன் எந்த அணிக்கு எழுதுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இந்தியாவுக்கு என்றால் அஸ்வினிலிருந்து தொடங்குங்கள். தமிழ்நாட்டுக்கு என்றால் பழைய ஸ்கோர் அட்டைகளை எடுத்துப் பாருங்கள். அடுத்த முறை சங்கர் நகருக்கோ நத்தத்துக்கோ ரஞ்சி ஆட்டம் வந்தால் ஒரு நாளாவது போய் உட்காருங்கள். டிக்கெட் பெரும்பாலும் தேவைப்படாது.